கல்லின் முதுகு

ஆத்தங்குடிக் கல்லைப் பற்றிப் பேச்சு வந்தால் நம்மிடையே இரண்டு குரல்கள்தான் கேட்கின்றன. ஒன்று ஒப்பாரி. கைவேலை அழிகிறது, யந்திரம் வந்துவிட்டது, கம்ப்யூட்டர் வந்துவிட்டது, இனி அவ்வளவுதான் என்கிற குரல். மற்றது வரவேற்புரை. பாரம்பரியமும் தொழில்நுட்பமும் கைகோத்து நடக்கின்றன என்று கருத்தரங்குகளிலும் கைவினைக் கண்காட்சித் துண்டுப் பிரசுரங்களிலும் காணக்கிடைப்பது. ஒப்பாரி வைப்பவருக்குக் கை புனிதமானது. வரவேற்பவருக்குக் கை விளம்பரத்துக்கு உதவுகிறது. அந்தக் கை அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பார்க்கும் சிரத்தை இருவருக்குமே இருப்பதாகத் தெரியவில்லை.

'பாரம்பரியம்' என்ற சொல்லை முதலில் தட்டிப் பார்த்துவிடலாம். போர்ட்லண்ட் சிமெண்டுக்கு இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியது 1824இல். சிமெண்டில் நிறம் கலந்து தரைக்குப் பூ வேலை செய்யும் வழக்கம் அந்த நூற்றாண்டின் பின்பாதியில் தெற்குப் பிரான்சிலும் ஸ்பெயினிலும் பரவியது. அங்கே அழுத்து யந்திரத்தில் வைத்து இறுக்கிச் செய்தார்கள். பம்பாயில் 1922இல் பாரத் ஃப்ளோரிங்ஸ் ஆரம்பிக்கப்பட்டபோது அது ஒரு சுதேசி காரியம். செட்டிநாட்டில் நகரத்தார் வீடுகளுக்குப் பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும், சுவரில் பதிக்க ஜப்பானியப் பீங்கான் ஓடுகளும் கப்பலில் வந்திறங்கிக்கொண்டிருந்த காலத்தை ஒட்டியதுதான் ஆத்தங்குடிக் கல்லும். சுமார் நூறு வருஷத்துச் சமாசாரம். ஆலைச் சிமெண்டு, ரசாயன ஆக்சைடு, ஆலைக் கண்ணாடி. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. அழுத்து யந்திரம் இல்லாமல், சூளை இல்லாமல், வெறும் கண்ணாடியின் வழவழப்பைக் கல்லின் முகத்துக்கு மாற்றிவிடலாம் என்று யாரோ ஒருவர் கண்டுபிடித்திருக்கிறார். பெயர் தெரியாத அந்த ஆள் பெரிய ஆள். ஆனால் அவர் யந்திர யுகத்தின் மனிதர். யந்திரம் தொடாத கன்னிக் கலை ஒன்றைக் கம்ப்யூட்டர் வந்து கெடுத்துவிட்டது என்ற கதை இங்கே செல்லாது.

இந்த விஷயத்துக்குள் நான் வந்தது அழகியல் வழியாக அல்ல, கடன் மனுக்கள் வழியாக. செங்கல்பட்டில் நான் வேலை பார்க்கும் பாங்கியின் பழைய கோப்புகளில் வீட்டுக்கடன் மனு என்றால் வரைபடமும் மதிப்பீட்டுத் தாளும் இருக்கும். இப்போது வருகிறவற்றில், யாரும் கேட்காமலேயே, வண்ணப் படங்கள் இணைத்திருக்கிறார்கள். இன்னும் அஸ்திவாரம் தோண்டாத வீட்டின் கூடத்தில் சாய்வாக வெயில் விழுந்திருக்கிறது. நாற்காலி போட்டிருக்கிறது. கீழே ஆத்தங்குடித் தரை. கோவளத்திலிருந்து திருவிடந்தை, பட்டிபுலம் வழியாக மாமல்லபுரம் வரை கடற்கரைச் சாலையில் எழும்பும் வீடுகளிலும் விடுதிகளிலும் செட்டிநாட்டுத் தரை போடுவது ஒரு மோஸ்தராகிவிட்டது. முட்டுக்காட்டில், 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில், செட்டிநாட்டிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்திய வீடு ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்குத் தங்கள் வீட்டிலும் கொஞ்சம் பழமை வேண்டும் போலிருக்கிறது. இதில் கேலிக்கு ஒன்றுமில்லை. நல்ல தரையில் கால் வைக்க ஆசைப்படுவது நியாயமான ஆசைதான்.

அந்தப் படங்களில் உள்ள தரையை மட்டும் சற்று உற்றுப் பார்க்கவேண்டும். ஒரு கல்லை வரைந்து, அதையே நானூறு தடவை ஒட்டியிருக்கிறார்கள். பச்சை எல்லாக் கல்லிலும் ஒரே பச்சை. இதழின் விளிம்பு எங்கும் கத்தியால் சீவியதுபோல் இருக்கிறது. சுவர் வந்த இடத்தில் பூ பாதியில் வெட்டுப்பட்டு நிற்கிறது, அதைப் பற்றிப் படத்துக்கு ஒரு கவலையும் இல்லை.

சென்ற வருஷம் அப்படியொரு வீட்டின் கட்டுமானம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்க்க மேலாளரோடு போயிருந்தேன். காம்பவுண்டுச் சுவர் ஓரமாக வைக்கோல் பரப்பி, ஐந்நூறுக்கு மேல் கற்கள் அடுக்கியிருந்தன. வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டவை. வீட்டுக்காரர் ஒரு கல்லை ஒரு கையிலும் செல்போனை மறு கையிலும் வைத்துக்கொண்டு, "இதுவும் இதுவும் ஒண்ணா? நீங்களே சொல்லுங்க சார்" என்றார். ஒன்றில்லைதான். போனில் இருந்த பச்சை, பின்னாலிருந்து விளக்குப் போட்ட பச்சை. கல்லில் இருந்தது சிமெண்டின் சாம்பலைக் குடித்த பச்சை. போதாததற்குக் கல்லுக்குக் கல் பச்சை சற்றுச் சற்று விலகியிருந்தது. ஒரு கல்லில் நடுப்பூவின் சிவப்பு கோட்டைத் தாண்டி ஒரு நூலளவு வெளியே போயிருந்தது. காண்ட்ராக்டர் வாயைத் திறக்கவில்லை. திரும்பி வரும்போது அவரிடம் நஷ்டம் யாருக்கு என்று கேட்டேன். "பட்டறைக்குத்தான். வேற யாருக்கு?" என்றார்.

வால்டர் பென்யமின் 1936இல் எழுதிய பிரசித்தமான கட்டுரையில், யந்திரம் நகல்களைப் பெருக்கப் பெருக்க மூலத்தின் ஒளிவட்டம் மங்குகிறது என்றார். அந்தக் கட்டுரையை நம் விமர்சகர்கள் எத்தனையோ தடவை மேற்கோள் காட்டியாகிவிட்டது. இங்கே நடப்பது அவர் சொன்னதற்குள் முழுதும் அடங்கவில்லை. படம் முதலில் பிறந்துவிடுகிறது. கல் பிறகு வருகிறது. பிறகு வந்ததால் அது படத்தின் நகலாகிறது, அதுவும் தேறாத நகலாக. பரீட்சை எழுதுவது கல், விடைத்தாள் போனில் இருக்கிறது.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. குஜராத்தில் மோர்பி என்ற ஊர் நாட்டின் பீங்கான் டைல்ஸ் உற்பத்திக்குத் தலைநகர் மாதிரி. அங்கேயுள்ள ஆலைகளில் இப்போது மை பீச்சும் யந்திரத்தால் கல்லின் முகத்தில் எதை வேண்டுமானாலும் அச்சிடுகிறார்கள். பளிங்கு, மரம், ஆத்தங்குடிப் பூ எல்லாம் அச்சாகும். பளிங்கை அச்சிடும்போது எல்லா டைல்ஸும் ஒரே மாதிரி இருந்தால் போலி என்று காட்டிக் கொடுத்துவிடும் என்பதால், ஒரே டிசைனுக்குப் பல முகங்கள் தயாரித்துக் கலந்து அச்சிடுகிறார்கள். அதாவது ஆலையில் ஏற்றத்தாழ்வைக் கம்ப்யூட்டரில் உண்டாக்கி விற்கிறார்கள். கையால் ஊற்றியவனின் ஏற்றத்தாழ்வோ குறைபாடு என்று திருப்பி அனுப்பப்படுகிறது.

அந்தக் கற்கள் செய்யப்பட்ட இடத்தைப் பார்க்கவேண்டும் என்று தோன்றியது. இரண்டு நாள் லீவு போட்டு ரயிலில் காரைக்குடி போய், அங்கிருந்து பஸ்ஸில் ஆத்தங்குடி போனேன். அந்த வீட்டுக்குக் கல் அனுப்பிய பட்டறையைத் தேடிக் கண்டுபிடிக்கும் உத்தேசம் இல்லை. ஏதோ ஒரு பட்டறை போதும் என்று ஒரு கொட்டகைக்குள் நுழைந்தேன். உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தவருக்கு அறுபது வயது இருக்கும். இரண்டு நாளும் பக்கத்தில் குந்தியிருக்க விட்டார்.

வேலை இப்படி நடக்கிறது. சதுரமான கண்ணாடியைத் துடைத்து எண்ணெய் காட்டி, அதைச் சுற்றி இரும்புச் சட்டம் போடுகிறார்கள். உள்ளே அச்சை இறக்குகிறார்கள். அச்சு என்பது உலோகப் பட்டைகளை வளைத்துப் பற்றவைத்த கூடு. பூவின் இதழ் ஒரு அறை, இலை ஒரு அறை, மூலை ஒரு அறை. சிமெண்டும் மார்பிள் பவுடரும் ஆக்சைடும் தண்ணீரில் கரைத்த குழம்பு கிண்ணங்களில் இருக்கிறது. சிறு கரண்டியில் மொண்டு ஒவ்வொரு அறையிலும் அதற்குரிய நிறத்தை ஊற்றுகிறார். எல்லா அறையும் நிறைந்ததும் அச்சைத் தூக்கிவிடுகிறார். நிறங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, கலந்துவிடாமல் நிற்கின்றன. அதன்மேல் ஈரத்தை இழுக்க உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவுகிறார். அதற்கும் மேல் சிமெண்டு மணல் கலவையைப் போட்டுக் கரணையால் மட்டம் தட்டுகிறார். பிறகு காயவேண்டும், தண்ணீர்த் தொட்டியில் சில நாட்கள் கிடக்கவேண்டும், மறுபடி காயவேண்டும். அதன் பின்னால்தான் கண்ணாடி கழன்று வருகிறது. பாலிஷ் என்று எதுவும் கிடையாது. கண்ணாடி தன் முகத்தைக் கல்லுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறது.

இரண்டாம் நாள் மத்தியானம்தான் எனக்கு ஒன்று உறைத்தது. இந்த மனிதர் தாம் செய்யும் கல்லின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேலை செய்யவே இல்லை. முகம் கீழே கண்ணாடியில் கவிழ்ந்திருக்கிறது. அவர் ஊற்றுவது, தூவுவது, தட்டுவது எல்லாம் முதுகில். வலது இடமாகவும் இடது வலமாகவும்தான் அவருக்கு வேலை. பெயர் எழுதிய கல் வேண்டுமென்றால் அச்சில் எழுத்து இடவலம் மாறி இருக்கவேண்டும். முகத்தைப் பார்ப்பதற்கு அவர் நாட்கணக்கில் காத்திருக்கிறார். அதற்குள் அவரால் அதில் எதையும் திருத்த முடியாது. ஆகவே அவருடைய ஞானம் முழுவதும் முன்கூட்டிய ஞானம். குழம்பு எவ்வளவு கெட்டியாக இருந்தால் அச்சைத் தூக்கும்போது கோடு கலையாது, இன்றைக்கு அடிக்கிற வெயிலுக்கு எத்தனை நேரம் பொறுக்கலாம், அச்சை எந்த வேகத்தில் தூக்கவேண்டும் என்பதெல்லாம் அச்சில் எழுதப்படவில்லை. அச்சே இல்லாமல், இரண்டு மூன்று நிறங்களை ஊற்றி ஒரு குச்சியாலோ கரண்டிக் காம்பாலோ இழுத்து விடுகிற கல்லும் உண்டு. அந்தச் சமயத்தில் அவர் கை வீசுகிற வீச்சைப் பார்க்கவேண்டும்.

கம்ப்யூட்டர் திரையோ முகம் மட்டுமே உள்ள பொருள். அதற்கு முதுகு கிடையாது. செய்து முடித்த தோற்றம் எடுத்த எடுப்பிலேயே வந்துவிடுகிறது, செய்ததற்கான தடயம் இல்லாமல். கல்லுக்கும் படத்துக்கும் உள்ள சண்டை என்று வீட்டுக்காரர் நினைப்பது பச்சை நிறத்தைப் பற்றிய சண்டையே அல்ல என்று எனக்குத் தோன்றியது.

"கலர் ஏண்ணே ஒரே மாதிரி வரமாட்டேங்குது?" என்று அவரிடமே கேட்டேன்.

"வரும் தம்பி. நடந்தா வரும்" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. கால் பட்டுப் பட்டு, துடைத்துத் துடைத்து, வருஷங்கள் போகப் போகத்தான் தரை ஒரு நிறத்துக்கு வருகிறது என்பது அவர் சொன்னதன் பொருள். செட்டிநாட்டு வீடுகளில் போய்ப் பார்த்தால் இது தெரியும். ஆள் புழங்குகிற வளவிலும் ஆள் போகாத மூலையிலும் கல் ஒரே மாதிரி இல்லை. கடற்கரையில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சிமெண்டுத் தரையில் ஆரம்பத்தில் உப்புப் பூத்து வெள்ளை படரும். துடைத்துக்கொண்டே இருந்தால் போகும். வாங்கிய அன்றைக்கே முடிந்துவிட்ட பொருளாக இதை நினைப்பவருக்கு இந்தப் பொறுமை இராது.

இதுவரை சொன்னதை வைத்து என்னை ஒப்பாரிக் கட்சியில் சேர்த்துவிடவேண்டாம். கம்ப்யூட்டர் என்றால் முகம் மட்டும்தான் என்று நான் நினைக்கவில்லை. அப்படி நினைக்கவிடாமல் தடுப்பது இதே மாவட்டத்தில் நடந்த ஒரு காரியம். தாம்பரம் அன்றைக்குச் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அங்கே சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்தவர் கிஃப்ட் சிரோமணி. அவரும் ராணி சிரோமணியும் கமலா கிருதிவாசனும் சேர்ந்து 1974இல், கோலங்களுக்கு இலக்கணம் எழுதுவது பற்றி ஒரு கட்டுரையைக் கம்ப்யூட்டர் சித்திரங்களுக்கான வெளிநாட்டு ஆராய்ச்சிப் பத்திரிகை ஒன்றில் வெளியிட்டார்கள். சோம்ஸ்கி 1957இல் வாக்கியங்களுக்குச் செய்ததை இவர்கள் வாசல் கோலத்துக்குச் செய்தார்கள் என்று தோராயமாகச் சொல்லலாம். ஒரு சிறு உருவிலிருந்து சில விதிகளைத் திரும்பத் திரும்பச் செலுத்தினால் கோலம் வளர்கிறது. ஒரே விதிகளிலிருந்து சின்னக் கோலமும் வரும், தெருவை அடைக்கிற கோலமும் வரும்.

இலக்கியத்தில் உருவமா உள்ளடக்கமா என்று நம் சிறுபத்திரிகைகள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. உருவம் என்பது ஒரு பாத்திரமல்ல, உண்டாகிற விதம் என்று தாம்பரத்தில் மூன்று பேர் கணிதத்தில் எழுதிக்கொண்டிருந்தார்கள். நாம் அதைப் படிக்கவில்லை. கணிதம் என்றால் நமக்கு அலர்ஜி, கோலம் என்றால் பெண்கள் சமாசாரம். இரண்டும் சேர்ந்தால் கேட்கவேண்டுமா!

எண்பதுகளில் சிரோமணி இன்னும் ஒரு படி போனார். புள்ளியைச் சுற்றி வளைந்து செல்லும் கம்பிக் கோலத்தை, முடிந்த படமாக அன்றி, கையின் நகர்வுகளாக விவரிக்கும் முறையில் வேலை செய்தார். நேரே போ, பாதி திரும்பு, புள்ளியைச் சுற்றிக்கொண்டு வா என்று நகர்வுகள் வரிசையாக வருகின்றன. 1988இல் அவர் காலமாகிவிட்டார். செடி வளர்வதை எழுத லிண்டன்மேயர் என்ற உயிரியல்காரர் 1968இல் உண்டாக்கிய விதிமுறைகளைக் கொண்டு இப்படிப்பட்ட கோலங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டியவர்களும் உண்டு. செடியும் கோலமும் ஒரே இலக்கணத்துக்குள் வந்து நிற்பது கவிஞர்கள் யோசிக்கவேண்டிய விஷயம்.

நகர்வு என்று அவர் பிடித்தது எவ்வளவு சரி என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். என் அத்தையிடம் ஒரு கோலத்தின் பெயரைச் சொல்லி அது எப்படி இருக்கும் என்று கேட்டால் அவள் வர்ணிக்கமாட்டாள். சாப்பாட்டு மேஜையில் விரல் ஓட ஆரம்பித்துவிடும். பாதியில் நிறுத்தினால் முதலிலிருந்துதான் மறுபடி வரவேண்டும். கோலம் அவளுக்குப் படமாக ஞாபகத்தில் இல்லை.

இதே சிரோமணிதான் மாமல்லபுரச் சிற்பங்களின் உடைகளையும் ஆபரணங்களையும் கணக்கெடுத்து ஒப்பிட்டு, மைக்கேல் லாக்வுட், தயானந்தன் ஆகியோருடன் சேர்ந்து மாமல்லபுரம் பற்றிய ஆய்வுகளை 1974இல் புத்தகமாக வெளியிட்டவர். சிற்பத்தின் பாவத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் ரசிகர்களுக்கு இந்தக் கணக்கெடுப்பு வறட்சியாகப் படலாம். எனக்கு அப்படிப் படவில்லை. ஒரு வடிவத்தை மதிக்கிறவன்தான் அதை எண்ணிப் பார்க்கச் சிரமப்படுவான்.

மாமல்லபுரத்துக்கு வருகிறவர்கள் முடிந்த சிற்பங்களின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நான் அங்கே போகும்போதெல்லாம் பார்ப்பது முடியாதவற்றை. பிடாரி ரதங்களும் வலையன்குட்டை ரதமும் பாதியில் நிற்கின்றன. முடிவுபெறாத குடைவுகளில் பாறையைக் கட்டம் கட்டமாகப் பிரித்துப் பள்ளம் பறித்து, நடுவில் நிற்கும் துண்டுகளை உடைத்தெடுத்துக்கொண்டு உள்ளே போயிருப்பது அப்படியே தெரிகிறது. கம்ப்யூட்டர் திரையும் கட்டங்களால் ஆனதுதான் என்று ஒரு நண்பர் சொன்னார். கட்டம் ஒன்றுதான், அதன் வேலை வேறு. திரையின் கட்டத்தில் நிறத்தை நிரப்புகிறோம். பல்லவத் தச்சன் கட்டத்தைக் காலி செய்துகொண்டே போனான். வேலை நின்றுபோன இடத்தில் இன்றைக்கும் அவனுடைய அடுத்த அடி எங்கே விழுந்திருக்கும் என்று நம்மால் சொல்ல முடிகிறது. முடிந்த சிற்பம் இதை நமக்குச் சொல்வதில்லை.

திரும்பத் திரும்ப வருவது என்ற விஷயத்துக்கு வருகிறேன். சமதளத்தில் இரு திசையிலும் ஓயாமல் திரும்பி வரும் அலங்காரங்களை அவற்றின் சமச்சீரை வைத்துப் பிரித்தால் மொத்தம் 17 வகைதான். ருஷ்யரான ஃபெடரோவ் 1891இல் இதை நிறுவினார். 1924இல் போல்யா தனியாக மறுபடி கண்டு, ஒவ்வொரு வகைக்கும் ஒரு படம் போட்டார். அந்தப் படங்களைப் பார்த்துத்தான் எஷர், அல்ஹம்ப்ராவின் ஓடுகளை நகலெடுத்து வைத்திருந்த தன் நோட்டுப் புத்தகத்துக்குப் புது அர்த்தம் கண்டார். இன்று அந்தப் பதினேழும் கம்ப்யூட்டரில் பொத்தான்கள். ஒரு மூலையில் கிறுக்கினால் போதும், தரை முழுக்கப் பரவிவிடும். பார்க்கக் கண்ணைப் பறிக்கிறது, அரை மணியில் அலுத்துவிடுகிறது. கணிதத்தின் மேல் இதற்குப் பழி போடமுடியாது. முடிவில்லாத தளத்துக்கான கணிதம் அது. கூடமோ பதினாறடிக்குப் பன்னிரண்டு அடியில் முடிந்துவிடுகிறது.

முடிகிற இடத்தில்தான் கொத்தனாரின் வேலை ஆரம்பம். பழைய வீடுகளில் தரை ஜமக்காளம் விரித்ததுபோல் இருக்கும். நடுவில் பூ, சுற்றிக் கரை, கரை திரும்புகிற மூலைக்கென்று தனிக் கல். நடுவிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் சமமாக மிஞ்சும்படி கணக்குப் பண்ணுவார்கள். சுவர் கோணலாக இருந்தால், எந்தச் சுவர்தான் கோணலாக இல்லை, அந்தக் கோணலை வெறும் நிறத்தில் ஒரு வரிசை போட்டு விழுங்கிவிடுவார்கள். ஒரே கல்லை நாலு விதமாகத் திருப்பி வைக்கலாம். பிரான்சில் ட்ருஷே என்ற பாதிரியார், மூலைவிட்டத்தில் இரண்டு நிறமாகப் பிரித்த ஒரே ஒரு சதுர ஓட்டைத் திருப்பித் திருப்பி வைத்தால் எத்தனை எத்தனை கோலங்கள் வருகின்றன என்று 1704இல் எழுதினார். ஓடு ஒன்று, முடிவுகள் கணக்கற்றவை. முடிவெடுக்கிறவன் கையில் கல்லோடு தரையில் உட்கார்ந்திருக்கிறான். வரைபடத்தில் ஒவ்வொரு கல்லுக்கும் திசைகூட அச்சாகி வரும்போது அவனுக்கு மிஞ்சுவது தூக்கி வைக்கிற வேலை. கூலி அதேதான் என்பது உண்மை. ஆனால் ஒரு மனிதனுடைய நாளிலிருந்து எதை எடுத்துக்கொண்டோம் என்பதற்குக் கூலிக் கணக்கில் பத்தி கிடையாது.

ஆத்தங்குடியில் முதல் நாள் பார்த்த ஒன்றை இங்கே சொல்லவேண்டும். சென்னையிலிருந்து கட்டடக் கலை படித்த ஒரு பெண் வந்திருந்தாள். கம்ப்யூட்டரில் போட்ட டிசைனை அசல் அளவில் அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தாள். நட்சத்திரத்துக்குள் நட்சத்திரம், நல்ல டிசைன்தான். கோடுகளை அப்படியே யந்திரத்துக்குக் கொடுத்தால் தகட்டை வெட்டித் தந்துவிடும், கையால் பட்டை வளைக்கிற செலவு மிச்சம் என்றாள். பெரியவர் காகிதத்தை வாங்கிக் கண்ணாடிமேல் விரித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். நட்சத்திரத்தின் ஒரு முனையில் கட்டை விரலை வைத்தார்.

"இங்கிட்டு கரண்டி போகாதும்மா. குழம்பு முனை வரைக்கும் ஓடாது. ஓடுற மாதிரி தண்ணியாக் கரைச்சா, அச்சைத் தூக்கையில பக்கத்துக்குள்ள எறங்கிரும்."

அவள் பேக்கிலிருந்து லேப்டாப்பை எடுத்தாள். முனைகளை மழுக்கினாள். அவர் மறுபடி பார்த்துவிட்டு, உள் நட்சத்திரத்துக்கும் வெளி நட்சத்திரத்துக்கும் நடுவே இருந்த ஒடுக்கமான சந்தைக் காட்டினார். அதையும் அகலப்படுத்தினாள். இப்படி நாலைந்து தடவை நடந்தது. ஒவ்வொரு தடவையும் டிசைன் கொஞ்சம் மாறியது, அவள் நினைத்து வந்ததிலிருந்து விலகிக்கொண்டே போனது. அவள் முகத்தில் முதலில் எரிச்சல் தெரிந்தது. பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்தாள். எவ்வளவு அகலம் இருந்தால் கரண்டி போகும் அண்ணா? எந்தக் கோணத்துக்குக் கீழே முனை நிறையாது? சாம்பலுக்குப் பக்கத்தில் வெள்ளை வந்தால் பரவாயில்லையா? அவர் சொல்லச் சொல்ல, எண்ணாகச் சொல்லத் தெரியாததை விரலால் அளந்து காட்டக் காட்ட, அவள் தட்டிக்கொண்டிருந்தாள். இந்த அளவுக்குக் குறைந்தால் கோடு சிவப்பாக மாறும்படி கம்ப்யூட்டரிலேயே சொல்லி வைத்துவிடலாம் என்று என்னிடம் சொன்னாள். ஊற்ற முடியாததை வரையவே விடாத கம்ப்யூட்டர்! சிரோமணியின் பெயரை அவள் கேள்விப்பட்டதில்லை. நான் சொன்னேன், குறித்துக்கொண்டாள்.

பிறகு பெரியவர் ஒரு பென்சில் கேட்டார். காதில் செருகியிருந்ததை ஒரு பையன் எடுத்துக் கொடுத்தான். அச்செடுத்த தாளில் ஒவ்வொரு அறைக்குள்ளும் எண் போட ஆரம்பித்தார். எது முதலில், எது அடுத்தது என்று ஊற்றுகிற வரிசை. வெள்ளைக்கு ஒன்று போட்டார். சாம்பலுக்கு இரண்டு. பச்சையில் நிறுத்தி யோசித்தார். கவிழ்த்துப் பார்க்கிறவர் ஆதலால் தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்து, பின்பக்கமாகவே மீதி எண்களை எழுதினார். நீலத்துக்குக் கடைசி எண்.

நீலம் ஏன் கடைசியில் என்று கேட்டேன்.

"அது ஒக்காராது தம்பி, ஓடும். மத்தது எல்லாம் ஒக்காந்தப்புறம்தான் அதை விடணும்" என்றார்.

அந்தத் தாளை அவள் போட்டோ எடுத்துக்கொண்டு, அசலை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள். மறுநாள் நான் கிளம்பும்போது அது கிண்ணங்களுக்குப் பக்கத்தில், நாலு மூலையிலும் கல் வைத்து, எண்கள் மேலே தெரிகிற மாதிரி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. ஒரு ஓரத்தில் நீலம் சிந்தியிருந்தது.